பங்குக் கிணறு

பெருமாநல்லூரிலிருந்து தார்ச்சாலையை விட்டு இறங்கி, மண் தடத்தில் சிறிது தூரம் சென்றால் வரும் ஒரு தோட்டத்து வீட்டை மந்திரிக்க அண்மையில் சென்றிருந்தேன். தந்தை பனியன் கம்பெனியில் டெய்லர். தாய் அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள். இளையவன் ஒன்பதாம் வகுப்பு. எண்பதை எட்டிய பாட்டனாரும் உடன் இருக்கிறார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, வெளியே வந்து கிணற்றையும் மந்திரித்தாயிற்று. விடைபெறும் வேளையில் அந்தத் தாய் சற்றே தயங்கி, திண்ணையை ஒட்டி நட்டிருந்த இரும்புக் குழாயின் உச்சியைச் சுட்டிக் காட்டினார். அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு சிறு பெட்டி.

"சாமி, அதற்கும் கொஞ்சம் தீர்த்தம் தெளியுங்கள். இந்த வீட்டில் நடந்த பெரிய சண்டை அதனால்தான் நடந்தது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கைப்பேசிக் கோபுரத்திலிருந்து இணைய அலையை வாங்கி வீட்டுக்குள் பகிர்ந்து தரும் ரூட்டர் அது. நான் மறுக்காமல் தீர்த்தம் தெளித்தேன். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் வழக்கில் இருந்த உரோமைச் சடங்கு நூலில் கிணற்றை மந்திரிக்கும் செபமும் உண்டு. தந்திக் கருவியை மந்திரிக்கும் செபமும் உண்டு. மின்சாரம் பிறப்பிக்கும் இயந்திரத்துக்கும்கூட உண்டு. 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தார். அதை நிறுவிக் கொடுத்தவர் மார்க்கோனி. 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிச் சங்கமே ஓர் ஏட்டை வெளியிட்டது. 2002ஆம் ஆண்டில் இணையத்தைப் பற்றியே தனியானதொரு ஏடு வத்திக்கானிலிருந்து வந்தது. ஆகவே, இணையம் திருச்சபைக்கு அந்நியமானதன்று. வீட்டுக்குள் வந்த இணையத்தை நாம் எப்படி ஆளுகிறோம், யாரோடு பகிர்கிறோம் என்பதே கேள்வி.

கிணற்று மேட்டில் ஒரு வகுப்பறை

அந்தப் பெட்டி வந்த கதையைக் கேளுங்கள்.

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. திருப்பூரின் தையல் இயந்திரங்கள் ஓய்ந்தன. பள்ளிக் கதவுகள் மூடின. சில வாரங்களில் பாடங்கள் யாவும் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டன. அவ்வீட்டிலோ இணையம் உள்ள கைப்பேசி ஒன்றே ஒன்று. அதற்கும் வீட்டுக்குள் அலை எட்டாது. கிணற்று மேட்டில் ஏறி, வேப்ப மரத்துக்கு அப்பால் நின்றால்தான் கிட்டும். பத்தாம் வகுப்புக்குச் சென்றிருந்த மூத்தவள், வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே அமர்ந்து பாடம் கேட்டாள். அதற்கு முன்பே, மார்ச்சு 27ஆம் நாள், மழையில் நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் உலகுக்கு ஆசி வழங்கியதை, நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கு, அக்குடும்பம் முழுவதும் அதே மேட்டில் நின்று, படம் விட்டு விட்டு ஓடப் பார்த்ததாம்.

"அன்றைக்கு இரவு கிணற்றைச் சுற்றி நாங்கள் முழந்தாளிட்டோம், சாமி" என்றார் பாட்டனார்.

இணையம் இன்று ஆடம்பரமா, அத்தியாவசியமா என்று இன்னமும் கேட்போர் உளர். பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வு 2018 முதல் தமிழகத்தில் இணைய வழியாகவே நடைபெறுகிறது. தேர்வு முடிவும், வைப்பு நிதிக் கணக்கும், பட்டா நகலும் இணையத்தின் வழியே வருகின்றன. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தது. பணியன் கம்பெனியில் இரவு நேர வேலை முடித்து வரும் ஒரு தாய்க்கு, மறுநாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்தில் வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிவது சிறு காரியமா?

பெருமாநல்லூர் மண்ணுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள்மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் மாண்டனர். தோட்டத்துக்கு வந்து சேரும் ஒரு கம்பி வெறும் வசதி அன்று, அது வாழ்வோடு பின்னிய ஒன்று என்பதை இந்த ஊர் உயிர் கொடுத்து அறிந்திருக்கிறது. அன்று மின்சாரம், இன்று இணையம்.

குழாயின் உச்சிக்கு ஏறிய பெட்டி

2016 செப்டம்பருக்கு முன் ஒரு ஜி.பி. இணையத்துக்கு ரூ. 200க்கு மேல் கொடுத்த நாட்கள் உண்டு. அதன்பின் விலை பல மடங்கு இறங்கிவிட்டது. எனவே அந்தத் தந்தை துணிந்து, சிம் அட்டை செருகும் ரூட்டர் ஒன்றை வாங்கி வந்து, டி.வி. மேசையின்மேல் வைத்தார். விளக்குகள் எரிந்தன. இணையம் மட்டும் வரவில்லை. குற்றம் பெட்டியில் இல்லை. வீட்டின் கூரையில் இருந்தது. ஓட்டைப் பிரித்துவிட்டுப் போட்ட தகரக் கூரை அது. தகரத்தில் பட்ட அலை திரும்பிப் போய்விடும், உள்ளே புகாது. கிராமத்தில் இணைப்பு வாங்கப்போகும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால், அவர்கள் பட்டு அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, பெட்டி வாங்கும் முன் அலையைப் பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள உறவினர் கைப்பேசிகளை வாங்கி, வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்லாரும் வேலை முடிந்து வந்து பேசும் மாலை நேரத்தில் பார்ப்பதே சரியான சோதனை. காலையில் நன்றாக வருவது மாலையில் படுத்துவிடும். அலையின் வலிமை கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். கழித்தல் 80, 90 என்றிருந்தால் நல்லது. கழித்தல் 110ஐத் தாண்டினால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பெட்டியைக் கோபுரம் இருக்கும் திசையில், உயரத்தில், சன்னலோரத்தில் வையுங்கள். இரும்புப் பீரோவுக்குப் பின்னும், தகரத்துக்குக் கீழும் வைக்க வேண்டாம். அடர்ந்த தென்னந்தோப்பும் அலையைத் தின்னும். வீட்டுக்குள் எங்கும் அலை இல்லையேல், வெளியில் பொருத்துவதற்கென்றே வரும் பெட்டியைக் கம்பத்தில் ஏற்றி, அங்கிருந்து லேன் கம்பியை உள்ளே இழுக்கலாம். 100 மீட்டர் வரை அக்கம்பி தடையின்றிக் கொண்டுவரும்.

மூன்றாவது, மின்சாரம் போனால் இணையமும் போகும். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அதற்கென்று கையடக்கமான பேட்டரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன; சில மணி நேரம் தாங்கும். இடி இடிக்கும்போது மின்கம்பியையும் லேன் கம்பியையும் கழற்றிவிடுவது நன்று.

நான்காவது, ரூட்டர் இரு வகை அலைகளில் பரிமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் அடுத்த அறைக்குள்ளேயே சோர்ந்துவிடும். தோட்டத்து வீட்டுக்கு முன்னதே ஏற்றது. ஊருக்குள் கண்ணாடி இழைக் கம்பி வந்திருக்குமானால், சிம் ரூட்டரைவிட அதுவே உறுதியானது; விசாரித்து அதையே வாங்குங்கள்.

இப்படியாகப் பெட்டி குழாயின் உச்சிக்கு ஏறியது. வீட்டுக்குள் இணையம் வந்தது. கூடவே சோதனையும் வந்தது.

கேட்டின் அருகே நின்றவர்

அவர்கள் தோட்டத்தை ஒட்டி ஆறு அறைகள் கொண்ட ஒரு லைன் வீடு இருக்கிறது. ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியிருக்கின்றன. ஒருநாள் மாலை, அவர்களுள் ஓர் இளைஞர் கேட்டின் அருகே வந்து நின்று, தமக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா, ஊரில் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு தடவை பார்க்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது" என்றார். தந்தை மகிழ்ச்சியோடு கடவுச்சொல்லைச் சொன்னார். அந்த இளைஞர் திண்ணையில் அமர்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்த தம் பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். வீட்டாரும் எட்டிப் பார்த்தார்கள். தாய் கண்ணீரே விட்டுவிட்டார்.

ஒரே வாரத்தில் அந்தக் கடவுச்சொல் ஆறு அறைகளுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் திருடவில்லை, ஒருவர் மற்றவருக்கு அன்போடு சொன்னதுதான். ஆறு அறைகளிலும் திரைப்படம் ஓடியது. பிள்ளைகள் விளையாடினார்கள். நாளொன்றுக்கு இத்தனை ஜி.பி. என்று வரையறுத்த திட்டம், பிற்பகலுக்குள் தீர்ந்து, அதன்பின் இணையம் நத்தையாய் ஊர்ந்தது.

2023ஆம் ஆண்டு. மூத்தவளின் பொறியியல் கலந்தாய்வு. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி அனுப்ப அன்றே கடைசி நாள். வேலை முடிந்து தாய் தந்தையர் வரட்டும் என்று பிள்ளை காத்திருந்தாள். மாலையில் பட்டியலைத் திறந்தால் பக்கம் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக் கைப்பேசியிலும் அலை இல்லை. தந்தை மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பெருமாநல்லூர்க் கடைவீதிக்கு விரைந்தார். ஒரு கணினி மையத்தில், கடைசி நிமிடங்களில், பட்டியல் சென்று சேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு, சில நிமிடங்களில் கைநழுவிப் போயிருக்கும்.

அன்றிரவே தந்தை கடவுச்சொல்லை மாற்றினார். யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் மாலை அந்த ஒடிசா இளைஞர் வழக்கம்போல் வந்து கேட்டின் அருகே நின்றார். கைப்பேசியைப் பார்த்தார். இணைப்பு இல்லை என்பதைக் கண்டுகொண்டார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அதைச் சன்னல் வழியே பார்த்திருந்த தாய், "குழந்தை முகத்தைப் பார்க்க வந்தவரை அனுப்பிவிட்டோமே" என்று அன்றிரவு உண்ணவில்லை. "நம் குழந்தையின் வாழ்வு போயிருந்தால் அவர்களா தருவார்கள்?" என்று தந்தை கேட்டார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை பெரிதாயிற்று.

எண்ணெயா, அப்பமா?

நற்செய்தியில் இரண்டு காட்சிகள் உள்ளன. ஒன்றில், பாலைவெளியில் ஒரு சிறுவன் தன்னிடமிருந்த ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொடுக்கிறான். ஐயாயிரம் பேர் உண்கிறார்கள். மற்றொன்றில், மணமகனுக்காக விளக்கேந்திக் காத்திருந்த கன்னியருள் ஐவர் எண்ணெய் கேட்கிறார்கள். முன்மதியுள்ள ஐவரோ, பகிர்ந்தால் இருசாராருக்கும் போதாது என்று மறுத்து விடுகிறார்கள். அவர்களை ஆண்டவர் கண்டிக்கவில்லை.

பகிர்வது நல்லதா என்று கேட்டால், நல்லதே. ஆனால் நம் கையில் இருப்பது எது என்று அறிந்து பகிர வேண்டும். எல்லையுள்ள இணையம் விளக்கின் எண்ணெயைப் போன்றது. கணக்கின்றி ஊற்றினால் எல்லா விளக்குகளும் அணையும். எனினும், எண்ணெய் என்று சொல்லிக்கொண்டு அப்பத்தையும் பூட்டி வைப்பது நம்முடைய பழைய பலவீனம்.

அந்த வீட்டில் இந்த முடிச்சை அவிழ்த்தவர் பாட்டனார். கொங்கு நாட்டு உழவருக்குப் பங்குக் கிணறு புதிதன்று. அண்ணன் தம்பியர் நிலத்தைப் பிரித்துக் கொள்ளும்போது கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே முறை வைத்து இறைப்பார்கள். இன்னாருக்கு இன்ன நாள், இத்தனை நாழிகை. நாற்று வாடினால் முறையை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. கிணறு வற்றும் கோடையில் எல்லார் முறையும் சேர்ந்து சுருங்கும்.

"கிணற்றை மூடினாலும் பாவம், முறையில்லாமல் இறைத்தாலும் பாவம்" என்றாராம் பெரியவர்.

மறுநாள் தந்தையே லைன் வீட்டுக்குச் சென்றார். நடந்ததைச் சொன்னார். மகளின் கலந்தாய்வைப் பற்றி அவர்களுக்கு அதுவரை தெரியாது. கேட்டதும் அவர்களே வருந்தினார்கள். ஒரு முறை ஏற்பட்டது. பகலும் முன்மாலையும் படிப்புக்கு. இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை லைன் வீட்டாருக்கு. ஊருக்குப் பேச மட்டும், படம் பார்க்க அன்று. ஞாயிறு பிற்பகல் எல்லாருக்கும். தேர்வும் விண்ணப்பமும் வந்தால் முறை நின்றுவிடும். இறப்பும் பிறப்பும் வந்தால் எந்நேரமும் திறக்கும். சென்ற ஆடிக் காற்றில் குழாய் சாய்ந்தபோது, யாரும் அழைக்காமலே ஏறி அதை நிமிர்த்திக் கட்டியவர் அந்த ஒடிசா இளைஞரே.

யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர், வேற்றினத்தாள் என்று யூதர் ஒதுக்கிய ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டார் அன்றோ! கிணற்றருகே வந்து நிற்பவர் எந்த ஊரார், எந்த மொழியார், எந்த மதத்தார் என்பது அங்கே கேள்வியாக இல்லை.

முறைக்குச் சில விதிகள்

கணக்கை அறியுங்கள். தெளிவு மிகுந்த திரைப்படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜி.பி. விழுங்கும். அதையே தெளிவைக் குறைத்துப் பார்த்தால் 1 ஜி.பி.க்குள் அடங்கும். குரல் மட்டும் பேசினால் மிகச் சொற்பம். ஆகவே காட்சித் தெளிவைக் குறைத்து வையுங்கள். கேளாமலே அடுத்தடுத்துப் படம் ஓடுவதையும், செயலிகள் தாமாகப் புதுப்பித்துக் கொள்வதையும் நிறுத்தி வையுங்கள்.

கடவுச்சொல் இல்லாமல் இணைப்பைத் திறந்து போடாதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, வெடிக்குச் சற்று முன் ஊடகங்களுக்குச் சென்ற மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஒருவரின் வீட்டு வைஃபை வழியே அனுப்பப்பட்டது. ஒன்றும் அறியாத அவர் விசாரணைக்கு உள்ளானார். சிம் யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வியும் அவரிடமே வரும். இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கென்று வேறொரு பெயரும் வேறொரு கடவுச்சொல்லும் அமைக்கலாம். அதை அயலாருக்குக் கொடுத்து, மாதந்தோறும் மாற்றுங்கள்; அறிந்தவருக்கே கொடுங்கள்.

அன்போடு பகிர்வது வேறு. விலைக்கு விற்பது வேறு. வீட்டு இணைப்பைக் காசுக்கு விற்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் விதிகள் இடம் தருவதில்லை. தேநீர்க்கடையோ மளிகைக்கடையோ வைத்திருப்பவர்கள் முறையாகச் செய்ய விரும்பினால், 2020 டிசம்பரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வாணி என்னும் பொது வைஃபைத் திட்டம் இருக்கிறது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை.

கடைசியாக, பிள்ளைகள். இணையம் பார்க்கும் இடம் கூடமாக இருக்கட்டும். கதவடைத்த அறை வேண்டாம். பிள்ளைகளுக்கு விதித்த வரம்பைப் பெற்றோரும் காக்க வேண்டும். தந்தை படுக்கையில் கைப்பேசியோடு கிடந்துகொண்டு, மகனைப் படி என்றால் அவன் எதைப் படிப்பான்? 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ் 1991இல் பிறந்து 2006இல், பதினைந்தாம் வயதில் மறைந்தவர். கணினியில் தேர்ந்த அச்சிறுவர், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தார். தம் விளையாட்டுக் கருவிக்கோ வாரத்துக்கு 1 மணி நேரம் என்று தாமே வரம்பு கட்டிக் கொண்டார் என்பர். நம் பிள்ளைகளைப் போல் இணையத்தின் நடுவே வளர்ந்தவர்தாம் அவர். நாம் சொல்லும் அறிவுரையைவிட அவர் வாழ்க்கையை நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்.

அந்தத் தோட்டத்து வீட்டில் மாலை ஏழரை மணிக்குப் பெட்டியின் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். செபமாலை முடிந்து, எட்டு மணிக்கு மீண்டும் ஏற்றுகிறார்கள். அப்போது லைன் வீட்டின் முறை தொடங்குகிறது. நான் விடைபெற்று வரும்போது, ஒடிசாவில் இருக்கும் அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது, பேசுகிறது, திரையில் இந்த வீட்டுத் தாயைக் கண்டால் கையசைக்கிறது என்று சொன்னார்கள்.

பங்கு என்ற சொல்லுக்கு நம்மிடையே இரு பொருள் உண்டு. கிணற்றில் நமக்கு உரிய பாகமும் பங்கு. கோவிலைச் சுற்றி ஒன்றாய் வாழும் நாமும் பங்கு. முதலாவதை அடுத்தவரோடு முறையாகப் பகிரத் தெரியாதவர் இரண்டாவதில் எப்படி நிலைத்திருக்க முடியும்?

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டு இணையத்தில் ஒரு நாளில் படிப்புக்கும் வேலைக்கும் செல்வது எவ்வளவு? பொழுதுபோக்குக்குச் செல்வது எவ்வளவு? இந்த வாரம் எல்லாரும் சேர்ந்து கணக்கெடுத்துப் பார்ப்போமா?

2. நம் அயல்வீட்டில் விண்ணப்பம் நிரப்ப வழியில்லாத மாணவரோ, மக்களின் முகத்தைக் காண ஏங்கும் முதியவரோ, ஊரை விட்டு வந்த தொழிலாளரோ உண்டா? அவருக்கு நம் வீட்டில் ஒரு முறை வைக்க முடியுமா?

3. செப நேரத்தில் பெட்டியின் விளக்கை அணைக்க நம் வீட்டில் யார் முன்வருவார்? பிள்ளைகளா, பெற்றோரா?